மரக்காலையிலிருந்து கதவு வரை: மலையகத்தில் மரத்தொழிலைப் படிப்படியாக விரிப்பதற்கு ஒரு வழிகாட்டி

பலகை அரிந்து விற்கும் மரக்காலை ஒன்றை நடத்துகிறீர்கள். மரத்தை வேறொருவர் வெட்டிக் கொண்டுவந்து இறக்குகிறார். உங்கள் பச்சைப் பலகையை இன்னொருவர் வாங்கிக் காயவைத்து, இழைத்து, கதவாக்கி விற்கிறார். நடுவில் நிற்கும் உங்களுக்கு மிஞ்சுவது ஏறத்தாழ அரிகூலிதான். மேலே மரத்தையும் கீழே கதவையும் நம் கைக்குள் கொண்டுவந்தால் என்ன என்ற எண்ணம் இந்தத் தொழிலில் எல்லோருக்கும் வரும். வணிகப் பாடத்தில் இதற்குச் செங்குத்து ஒருங்கிணைப்பு என்று பெயர்.

எண்ணத்தில் பிழையில்லை, வரிசையில்தான் பிழைக்கிறார்கள். ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கங்களில் நான் பார்த்த புதியவர்கள் பெரும்பாலும் முதலில் லொறி வாங்கினார்கள். அடுத்து ஒரு தோப்பை முன்பணம் கொடுத்துப் பிடித்தார்கள். பலகை காயவைக்க ஒரு கொட்டகை போடும் நேரம் வந்தபோது கையில் பணம் இல்லை.

நான் சொல்லும் வரிசை இது: முதலில் கழிவு, பிறகு உலர்த்தல், இழைப்பு, தச்சு. மரம் வெட்டுவது அதற்குப் பிறகு. மரம் வளர்ப்பது எல்லாவற்றுக்கும் கடைசி. விற்கும் பக்கமாக விரிந்தால் ஏற்கெனவே முற்றத்தில் கிடக்கும் பலகையின் மதிப்பு கூடுகிறது. வாங்கும் பக்கமாக விரிந்தால் அதே பலகை கைக்கு வருமுன்பே பணம் காட்டில் முடங்குகிறது. மரம் கிடைக்காமல் வாள் வாரக்கணக்கில் சும்மா நிற்கும் மரக்காலைக்கு மட்டும் இந்த வரிசை மாறும். அது உங்கள் நிலைதானா என்பதை இரண்டாம் படி காட்டிவிடும்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் பத்திரங்கள். மரக்காலைக்கு வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் பதிவு, பிரதேச சபையின் வியாபார அனுமதி, சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் ஆகியவை ஏற்கெனவே உங்களிடம் இருக்கும். அவை எந்த வேலைக்கு எடுக்கப்பட்டவை என்று ஒருமுறை வாசித்துப் பாருங்கள். மரம் அரிய எடுத்த அனுமதி, பூச்சி அரிக்காமல் மரத்துக்குப் போரான் மருந்து ஏற்றும் நேர்த்திக்கும் உலர்த்தலுக்கும் தானாகப் பொருந்திவிடாது. இயந்திரத்தை இறக்கிவிட்டுத் திணைக்கள வாசலில் நிற்பதைவிட, விலை கேட்கும் நாளிலேயே விண்ணப்பத்தையும் எழுதிவிடுவது நல்லது.

இரண்டாவது இடம். நுவரெலியா, பதுளை, கண்டி போன்ற மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் புதிய கட்டடத்துக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரை தேவைப்படும். சரிவை வெட்டித் தட்டையாக்கி, அதன்மேல் பல தொன் பலகையை அடுக்கப்போகிறீர்கள். அந்தப் பரிந்துரையை வெறும் சம்பிரதாயமாக எண்ணாதீர்கள். சரிவின் கீழே பெரும்பாலும் யாரோ ஒருவரின் லயன் வீடு இருக்கிறது.

மூன்றாவது மும்முனை மின்சாரம். வாளுக்குப் போதுமான இணைப்பு, இழைப்பு இயந்திரத்தையும் காற்றாடிகளையும் சேர்த்துத் தாங்காது. இயந்திரம் வாங்குமுன் மொத்தச் சுமையைக் கூட்டி, இணைப்பை உயர்த்தும் செலவைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது ஒரு கொப்பி. விலை குறைந்த பொருள் அதுதான், ஆனால் அது இல்லாமல் அடுத்த படி இல்லை.

2. ஒரு மாதம் அளந்து எழுதுங்கள்

உள்ளே வந்த மரம், வெளியே போன பலகை, வாள் நின்ற நேரம், நின்ற காரணம் ஆகிய நான்கையும் அன்றாடம் எழுதுங்கள். வாள் அதிகமாக நின்றது மரம் இல்லாததாலா, மின்வெட்டாலா, வாள் தீட்டப் போனதாலா, பலகை விற்காமல் முற்றம் நிறைந்ததாலா? பதில் மரம் இல்லை என்று வந்தால் மட்டும் ஏழாம் படியை முன்னுக்கு எடுங்கள்.

இங்கே அநேகமாக எல்லோரும் விழும் ஒரு குழி இருக்கிறது. நாம் மரத்தை அளப்பது கால் சுற்றளவு முறையில். நடுச் சுற்றளவை நாலால் பிரித்து, வந்ததைத் தன்னாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குகிறோம். 10 அடி நீளம், 48 அங்குலச் சுற்றளவுள்ள துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். 48 அங்குலத்தில் கால் பங்கு 12 அங்குலம், அதாவது 1 அடி. கணக்கில் வருவது 10 கன அடி. ஆனால் அந்த உருண்டைத் துண்டின் உண்மைக் கனவளவு ஏறத்தாழ 12.7 கன அடி. அதிலிருந்து 6 கன அடி பலகை எடுத்தால் கொப்பி 60 சதவீதம் என்று காட்டும். உண்மை 47 சதவீதம்தான்.

மரம் வாங்க இந்த முறை போதும், எல்லோரும் அதே அளவில்தான் பேசுகிறார்கள். கழிவைக் கணக்கிட மட்டும் இதை நம்பாதீர்கள். 4 கன அடி கழிவு என்று நினைத்து இடம் ஒதுக்கியவர் முன்னால் 6.7 கன அடி வந்து குவியும்.

வாளின் வாய்ப்பருமனையும், அதாவது ஒரு வெட்டில் அது தூளாக்கும் தடிப்பையும், அளந்து பாருங்கள். 5 மில்லிமீற்றர் தின்னும் வட்ட வாள், 270 மில்லிமீற்றர்க் கட்டையிலிருந்து 25 மில்லிமீற்றர்ப் பலகை 9 தரும். 2 மில்லிமீற்றர் தின்னும் பட்டை வாள் அதே கட்டையிலிருந்து 10 தரும். பழைய வட்ட வாளோடு தச்சுப் பட்டறை தொடங்க வந்த ஒருவரிடம், பட்டறைப் பணத்தை முதலில் வாளுக்குப் போடச் சொன்னேன். பத்தில் ஒரு பலகை தூளாகப் போகும் இடத்தில் கதவு செய்து அதை மீட்க முடியாது.

3. கழிவைக் காசாக்குங்கள், ஆனால் எல்லாவற்றையும் விற்காதீர்கள்

பட்டையோடு வரும் பக்கத் துண்டுகள், நுனித் துண்டுகள், மரத்தூள் மூன்றையும் தனித்தனியாகக் குவியுங்கள். கலந்த குவியலுக்கு விலை இல்லை.

நம் மலைநாட்டில் துண்டு விறகுக்குப் பெரிய வாங்குநர் பக்கத்திலேயே இருக்கிறார். தேயிலைத் தொழிற்சாலைகளின் உலர்த்தும் அடுப்புகள் விறகில் எரிகின்றன. அவர்களுக்கு வேண்டியது ஒரே நீளத்தில் வெட்டிய, காய்ந்த விறகு. கூரையின் கீழ் சில வாரம் அடுக்கிவைத்துக் கொடுத்தால் நல்ல விலை கேட்கலாம். ஈர விறகு தன் சூட்டில் ஒரு பகுதியைத் தன் தண்ணீரை ஆவியாக்கவே செலவிடுகிறது என்பது அடுப்படியில் நிற்கும் தொழிலாளிக்கு நன்றாகத் தெரியும். மருந்து ஏற்றிய மரத்தின் துண்டுகள் இந்தக் குவியலில் ஒருபோதும் சேரக் கூடாது. வீட்டு அடுப்புக்கும் அவற்றைக் கொடுக்காதீர்கள்.

நான் செய்த தவறு ஒன்று. துண்டு விறகு முழுவதையும் ஓராண்டு ஒப்பந்தமாகக் கொடுத்துவிட்டேன். ஆறு மாதம் கழித்து உலர்த்தும் அறை கட்டியபோது, என் சொந்த அறைக்கு வெளியே விறகு வாங்க வேண்டியதாயிற்று. நாளை உங்களுக்குத் தேவைப்படும் பங்கை விட்டுவிட்டு மிச்சத்துக்கு மட்டும் கையெழுத்திடுங்கள்.

மரத்தூளைக் கோழிப் பண்ணைகள் எடுக்கும். யாரும் எடுக்காவிட்டாலும் ஓடையில் தள்ளாதீர்கள். மழையில் ஊறிய தூளின் சாறு இறங்கும் தண்ணீரைக் கீழே உள்ள தோட்டத்தில் குடிக்கிறார்கள்.

4. உலர்த்தல்: இந்தப் படியில்தான் தொழில் நிற்கும் அல்லது விழும்

மற்ற எல்லாப் படிகளையும்விட இதற்கு அதிக நேரம் கொடுங்கள். பச்சைப் பலகை விற்பவருக்கும் காய்ந்த பலகை விற்பவருக்கும் இடையிலுள்ள தூரம், காய்ந்த பலகை விற்பவருக்கும் கதவு விற்பவருக்கும் இடையிலுள்ள தூரத்தைவிடப் பெரியது.

ஓர் ஆடி மாதம் ஹட்டன் பக்கத்தில் ஆறு கதவுகள் செய்து பண்டாரவளையில் ஒரு வீட்டுக்குப் பொருத்தினோம். பலகை மூன்று மாதம் அடுக்கில் இருந்ததால் காய்ந்துவிட்டது என்று நம்பினேன். மூன்றாவது வாரம் வீட்டுக்காரர் அழைத்தார். போய்ப் பார்த்தால் ஆறு அங்குல நடுப்பலகையில் கால் அங்குலம் சுருங்கியிருந்தது. பலகை சட்டத்தின் காடியை (அது செருகி நிற்கும் பள்ளத்தை) விட்டு விலகி, அடுத்த அறையின் வெளிச்சம் கதவின் நடுவே ஒரு கோடாகத் தெரிந்தது. விரல் நகம் முழுதாக உள்ளே போனது. ஆறு கதவுகளையும் என் செலவில் மாற்றிக் கொடுத்தேன்.

நடந்தது இதுதான். ஆடியில் தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவை நனைக்கும்போது, மலைக்கு அப்பால் ஊவாப் பக்கம் வறண்ட காற்று வீசுகிறது. ஹட்டனின் ஈரக் காற்றுக்குச் சமமாக நின்ற பலகை, பண்டாரவளையின் காற்றுக்குத் தன் மீதி ஈரத்தையும் கொடுத்துவிட்டது. மரம் காய்ந்ததா என்று கேட்டால் மட்டும் போதாது, எந்த ஊர்க் காற்றுக்குக் காய்ந்தது என்றும் கேட்க வேண்டும்.

அடுக்கும் முறை. தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் மேடை போடுங்கள், நிலத்தின் ஈரம் கீழ்ப்பலகையைத் தொடக் கூடாது. ஓர் அங்குலப் பலகைக்கு இரண்டடிக்கு ஒன்றாக, ஓர் அங்குலச் சதுரமுள்ள இடைச்சட்டத்தைப் பலகை வரிசைகளுக்கு நடுவே வையுங்கள். சட்டங்கள் மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். அரை அடி விலகினாலும் மேலுள்ள பாரம் பலகையை அந்த இடத்தில் வளைத்துவிடும். இடைச்சட்டம் ஏற்கெனவே காய்ந்த மரமாக இருக்கட்டும். பச்சைச் சட்டம் பலகையில் கறுப்புக் கோடு விடும், இழைத்தாலும் அது எளிதில் போகாது. அடுக்கின் மேல் பாரம் ஏற்றி, மழைச் சாரல் படாதபடி கூரையை நன்றாக இறக்குங்கள்.

யூக்கலிப்டஸ், தோட்டங்களில் டர்பன்டைன் என்று சொல்வது, தனிக் கவனம் கேட்கும் மரம். அடிமரத்துக்குள்ளேயே இழுவிசை இருப்பதால், வெட்டிய சில மணி நேரத்தில் முனையில் நட்சத்திரம்போல் வெடிப்பு ஓடும். முனைகளுக்கு அன்றைக்கே மெழுகோ தடித்த பெயின்டோ பூசுங்கள். அரியும்போது ஒரே பக்கத்தில் தொடர்ந்து அரியாமல் கட்டையைப் புரட்டிப் புரட்டி அரியுங்கள், இழுவிசை இரு பக்கமும் சமமாக விடுபடும். முதல் சில வாரம் நிழலில் மெதுவாகவே காயட்டும். பச்சையாக இருக்கும்போதே சூட்டைக் கூட்டினால் உள்ளிழை ஒடுங்கி, பலகையின் முகம் அலை அலையாகிவிடும்.

பைன் மரத்தில் சிக்கல் வேறு. அதைத் துண்டாகப் போட்டுவைத்தால் நீலக்கறை ஏறும். வந்த வாரமே அரிந்து, காற்றோட்டமாக அடுக்கிவிடுங்கள். கிரெவிலியாவை, நம் சவுக்கை, புதியவர்கள் பழகுவதற்கு நான் பரிந்துரைக்கிறேன். தேயிலை மலைகளில் நிழல்மரமாக எங்கும் நிற்கிறது, ஓரளவு பொறுமையாகவும் காய்கிறது.

காய்ந்ததை அறிவது எப்படி? என்னோடு வேலை செய்த மூத்த பாஸ் (தச்சர்) ஒருவர் பலகையைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். “குளிர்கிறது தம்பி, இன்னும் ஒரு மாதம் விடுங்கள்” என்பார். ஈரப் பலகை தொட்டால் குளிரும் என்பது உண்மை. ஆனால் மார்கழிக் காலையில் நுவரெலியாவில் எல்லாப் பலகையும் குளிரும். ஆகவே எடை போடுங்கள். பலகையின் முனையிலிருந்து ஓரடி உள்ளே தள்ளி, ஓர் அங்குல அகலத் துண்டு ஒன்றை வெட்டி எடுங்கள். முனை மற்ற இடத்தைவிட முந்திக் காயும் என்பதால்தான் உள்ளே தள்ளி எடுக்கிறோம். உடனே நிறுத்து எழுதுங்கள். 103 பாகை செல்சியஸ் சூட்டில், எடை மேலும் குறையாமல் நிற்கும்வரை காயவைத்து மறுபடி நிறுங்கள். முதலில் 62 கிராம், பிறகு 50 கிராம் என்றால், போன 12 கிராமை 50ஆல் பிரியுங்கள்: ஈரம் 24 சதவீதம். மின் ஈரமானி வாங்கினாலும் மாதம் ஒருமுறை இப்படிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மழைக்கால மேற்குச் சரிவில் வெளிக்காற்றில் எத்தனை மாதம் கிடந்தாலும் மரம் 16, 17 சதவீதத்துக்குக் கீழே இறங்குவது அரிது. நம் ஊர் வீட்டுக்கு அது ஏறத்தாழப் போதும். குளிரூட்டிய கொழும்பு அறைக்குப் போகும் தளபாடத்துக்கு 10 முதல் 12 வேண்டும். அப்போதுதான் உலர்த்தும் அறை தேவை. வாங்குநர் யார் என்று தெரியுமுன் அறை கட்டாதீர்கள்.

அறை அமைந்துவிட்டால் இன்னொரு கதவும் திறக்கும். ஏற்றுமதிப் பெட்டிகளுக்கு அடியில் வரும் மரப்பலகைத் தட்டுகள், சர்வதேச விதிப்படி மரத்தின் நடுவரை 56 பாகை செல்சியஸ் சூட்டில் 30 நிமிடம் இருந்திருக்க வேண்டும். தேயிலை ஏற்றுமதி செய்வோருக்கு அவை தொடர்ந்து தேவை. அதற்கான முத்திரையை நீங்களாகக் குத்த முடியாது, தாவரத் தொற்றுக்காப்பு அதிகாரிகளிடம் பதிவுசெய்து அனுமதி பெற வேண்டும்.

கடைசியாகப் பணக் கணக்கு. வாரம் 200 கன அடி அரிந்து, 12 வாரம் காயவைத்தால், எந்த நாளிலும் 2,400 கன அடி அடுக்கில் தூங்கும். கன அடி ஒன்றுக்கு உங்கள் அடக்கவிலை 1,000 ரூபாய் என்று வைத்தால் 24 இலட்சம் ரூபாய். இதை முன்கூட்டி எண்ணாதவர்கள், எட்டாவது வாரம் சம்பளம் கொடுக்க அரைக்காய்ச்சல் பலகையை விற்றுவிடுகிறார்கள். உற்பத்தியில் நாலில் ஒரு பங்கை மட்டும் முதலில் காயவையுங்கள். மிச்சம் பச்சையாகப் போய் வாரச் செலவைத் தாங்கட்டும்.

5. இழைத்து, அளவுக்கு வெட்டிக் கொடுங்கள்

உலர்ந்த பலகை ஒழுங்காக வரத் தொடங்கிய பிறகு, நான்கு பக்கமும் இழைத்து, நிலைச்சட்டம், கதவுச்சட்டம், ரீப்பை என்று அளவுக்கு வெட்டி விற்கலாம். காயாத மரத்தை இழைத்தால் அது காய்ந்தபின் அளவு மாறும் என்பதால் இந்த வரிசையை மாற்ற முடியாது. இந்தப் படியைப் பலர் தாண்டி நேராகக் கதவுக்குப் போகிறார்கள். என் பார்வையில் பல மரக்காலைகள் இங்கேயே நின்றுவிடுவது நல்லது. உங்களிடம் பலகை வாங்கும் பாஸ்மார் அனைவரும் இதற்கும் வாங்குநர்களாகவே இருப்பார்கள். கதவு செய்யத் தொடங்கினால் அவர்களுக்கு நீங்கள் போட்டியாளர்.

இழைப்பு இயந்திரத்துக்குக் காப்புத் தகடும் தூசி உறிஞ்சியும் இல்லாமல் ஒரு நாளும் ஓட்டாதீர்கள். இரண்டும் இயந்திர விலையின் பகுதிதான்.

6. தச்சுப் பட்டறை: சிறிதாக, ஆர்டருக்கு மட்டும்

ஒரு கதவுக்கும் நிலைக்கும் சேதாரத்தோடு ஏறத்தாழ 5 கன அடி மரம் பிடிக்கும். வாரம் 200 கன அடி அரியும் மரக்காலை எல்லாவற்றையும் கதவாக்கினால் வாரம் 40 கதவு. 40 கதவை வாரந்தோறும் வாங்க மலையகத்தில் எத்தனை வீடு எழும்புகிறது? இரண்டு பாஸ்மார் வாரம் நான்கு கதவு செய்தால் 20 கன அடி, உற்பத்தியில் பத்தில் ஒன்று. தொடக்கத்தில் அந்த அளவே சரி.

உங்களிடம் மரம் வாங்கும் பாஸ்மார் செய்யாத ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஊரில் எல்லோரும் நிலையும் கதவும் செய்தால் நீங்கள் பாடசாலை மேசை, வாங்கு (பெஞ்சு), கட்டில் என்று போங்கள். மொரட்டுவைத் தளபாடத்தோடு விலையில் மோதாதீர்கள். பல தலைமுறைத் திறமையும் பெரிய சந்தையும் அங்கே இருக்கின்றன. அவர்களுக்குக் காய்ந்த பலகை விற்பது உங்களுக்கு அதைவிட எளிது.

7. மரம் வெட்டலும் ஏற்றலும்

இப்போதுதான் பின்பக்கம் திரும்புகிறோம். இயற்கைக் காடுகளில் வணிகத்துக்காக மரம் வெட்டுவது 1990 முதல் நிறுத்தப்பட்டிருக்கிறது. ஆகவே நமக்கு வரும் மரம் அரச மரக் கூட்டுத்தாபனம், தோட்டக் கம்பனிகள், வீட்டுத் தோட்டங்கள் ஆகிய இடங்களிலிருந்துதான். பலா போன்ற சில மரங்களை, சொந்தக் காணியில் நின்றாலும், 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி அனுமதியின்றி வெட்ட முடியாது. பிரதேச செயலகத்தில் கேளுங்கள். அனுமதிப் பத்திரத்தைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கவே கூடாது. நிற்கும் மரத்துக்குக் கொடுத்த முன்பணம் திரும்பி வந்ததை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன்.

நிற்கும் மரமாக வாங்கினால் அடியைக் கோடரியின் பின்புறத்தால் தட்டுங்கள். பொந்து மரம் பறைபோல் ஒலிக்கும். வீதியோரத்துக்கு இழுத்துவரும் கூலியை மரத்தின் விலையோடு சேர்த்தே பேசுங்கள், பள்ளத்தில் நிற்கும் மலிவு மரம் பெரும்பாலும் மலிவில்லை.

லொறி வாங்க அவசரப்படாதீர்கள். பச்சை யூக்கலிப்டஸ் கன மீற்றருக்கு ஏறத்தாழ ஒரு தொன் எடை. அதில் பாதிக்கு மேல் கழிவாகப் போகும் என்று இரண்டாம் படியில் பார்த்தோம். கொண்டை ஊசி வளைவுகளில் அந்தக் கழிவுக்கும் டீசல் எரிகிறது. மரம் நிற்கும் இடத்துக்கு அருகே அரிந்து, பலகையை மட்டும் ஏற்றுவது நல்லது. வாரத்தில் நான்கு நாளாவது ஓடும் என்று கொப்பி காட்டும்வரை லொறி வாடகைக்கே இருக்கட்டும்.

8. மரம் வளர்ப்பு

யூக்கலிப்டஸ் விறகுக்கு ஏழெட்டு ஆண்டில் வெட்டலாம். நல்ல பலகைக்கு இருபது ஆண்டாவது வேண்டும். வங்கிக் கடனில் செய்யும் வேலை இது அல்ல. நம் மக்களில் பெரும்பாலோருக்குக் காணி உறுதியே இல்லை, வீட்டோடு கிடைத்தாலும் ஏழு, பத்து பேர்ச்சஸ் அளவுள்ள சிறு துண்டுதான். அதில் தோப்பு வைக்க முடியாது.

முடிந்த வழி ஒன்று உண்டு. உறுதியுள்ள சிறு காணிக்காரர்களிடம் வேலியோரத்திலும் வரம்பிலும் நிற்கும் சவுக்கு, மலைவேம்பு, சண்பகம் ஆகியவற்றை எழுத்தில் பதிந்து, வெட்டும் ஆண்டின் சந்தை விலையில் முதலில் உங்களுக்குத் தருவதாக உடன்படிக்கை செய்யுங்கள். இன்றைக்கே விலையைப் பூட்டாதீர்கள், பத்தாண்டு கழித்து இருவரில் ஒருவர் கட்டாயம் ஏமாந்ததாக உணர்வார். மாற்றாக நாற்றும் கவாத்து வேலையும் கொடுங்கள். சிறு வயதில் கிளை கழித்த மரத்தில்தான் முடிச்சில்லாத பலகை கிடைக்கும். ஊற்றுக்கு மேலே யூக்கலிப்டஸ் நட யாருக்கும் ஊக்கம் கொடுக்காதீர்கள்.

9. ஒவ்வொரு படிக்கும் தனிப் பக்கம்

அரிதல், உலர்த்தல், இழைப்பு, பட்டறை என்று ஒவ்வொன்றுக்கும் கொப்பியில் தனிப் பக்கம் திறங்கள். ஒரு படியிலிருந்து அடுத்ததற்குப் பலகை போகும்போது, அன்று வெளியார் கொடுக்கும் விலையை எழுதி அனுப்புங்கள். நம்முடைய மரம்தானே என்று அடக்கவிலையில் எழுதினால், பட்டறை இலாபம் காட்டும். ஆனால் அது உண்மையில் வாளின் இலாபம்.

மாத முடிவில் பட்டறைப் பக்கத்தைப் பாருங்கள். மொரட்டுவை வாங்குநர் உலர்ந்த பலகைக்குக் கொடுக்கும் விலையை உங்கள் சொந்தப் பட்டறையால் கொடுக்க முடியவில்லை என்றால், கையிலுள்ள ஆர்டர்களை முடித்துக் கொடுத்துவிட்டு, அடுத்த மாதப் பலகையை லொறியில் ஏற்றி அனுப்பிவிடுங்கள்.